மேட்டில் நின்ற எட்டாம் பாட்டு

முப்பத்தொரு ஆண்டுகள் லண்டன் ரயில் நிலையங்களில் வேலை செய்தேன். வாயிற்கதவருகே நின்று வழி சொல்வதும், இயந்திரத்தில் சிக்கிய சீட்டை எடுத்துக் கொடுப்பதும், மேடை விளிம்பில் நின்று கைப்பேசி பார்ப்பவர்களை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அழைப்பதும் என் தொழில். தாமதமான ஒவ்வொரு வண்டிக்கும் நானே காரணம் என்று உறுதியாக நம்பியவர்கள் பலர். ஓய்வு பெற்ற அன்று மாலை, இனி ரயில் பாதை இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அடுத்த வசந்தத்தில் வாரத்தில் இரண்டு நாள் நான் ரயில் பாதையிலேயேதான் இருந்தேன். அது ரயில் ஓடாத பாதை. நான் இருந்தது சைக்கிளின் மேல்.

ஹரோவில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, காலை நெரிசல் தீர்ந்தபின் சைக்கிளோடு மெட்ரோபொலிட்டன் ரயிலேறி, இறங்கி, மேலும் ஐந்தாறு மைல் மிதித்தால் அந்தச் சுற்றின் தொடக்கம் வரும். நான் இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே மூடப்பட்ட இரண்டு கிளைப் பாதைகள் அங்கே உண்டு. தண்டவாளங்களைக் கழற்றி, கட்டைகளை அகற்றி, சரளை பரப்பி, நடப்பவர்களுக்கும் நாய்களுக்கும் குதிரைகளுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டு பாதைகளும் ஒரு பழைய சந்தி நிலையத்தில் கூடுகின்றன. அங்கே நிலையம் இல்லை; மேடை மட்டும், பாசி படர்ந்து, நடுவில் உட்கார ஒரு மர வாங்கோடு நிற்கிறது. பாதைகளின் மற்ற இரு நுனிகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றை இணைப்பது குறுக்கே கிடக்கும் ஒரு மேட்டின்மேல் ஏறியிறங்கும் கிராமத்து ஒழுங்கை, ஒரு குறுகிய தெரு. எல்லாம் சேர்ந்து இருபது மைலுக்குச் சற்று மேல்.

ரயில் மேடு ஏற விரும்பாது. அதனால் பாதை போட்டவர்கள் பள்ளத்தை நிரப்பி, குன்றை வெட்டி, தட்டையான வழியைத் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்வதுபோலச் செய்து வைத்திருக்கிறார்கள். வெட்டிய கரைகளில் இறகு போன்ற இலைகளோடு பன்னச் செடிகள் தழைத்திருக்கும். செங்கல் வளைவுப் பாலங்களின் கீழே போகும்போது உடம்பில் ஈரக்காற்றுப் படும். ஊர் இருக்கிறது, மேடை இருக்கிறது, மைல்கல்லும் இருக்கிறது. வண்டி மட்டும் வராது, வரவில்லையென்று என்னைக் கோபிக்கவும் ஆள் இல்லை. இதைவிட நல்ல ரயில் பாதையை நான் கண்டதில்லை.

நான் போகும்போது பாடிக்கொண்டு போவேன். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிக் கோயிலில் பூசை முடிந்தபின் பதிகம் பாடுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. பத்துப் பாட்டும், பாடுவோர் பெறும் பயனைச் சொல்லும் இறுதிப் பாட்டும் சேர்ந்தது ஒரு பதிகம். பண் மாறாமல், சொல் சிதையாமல் பாட வேண்டும். தொடங்கிய பாட்டை இடையில் விடுவதும் கூடாது. ஒருமுறை கற்பூரப் புகைக்குக் கோயில் மண்டபத்தின் தீ எச்சரிக்கை மணி அலறியது. ஐயர் உட்பட எல்லோரும் வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினார்கள். நான் அந்தப் பாட்டை முடித்துவிட்டே வெளியே போனேன். தீயணைப்பு வீரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பார்த்தது பெரிதல்ல. அவருக்குப் பின்னால் நின்று மனைவி பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சைக்கிளில் தூரம் காட்டும் கருவி ஒன்றை மைத்துனன் பூட்டித் தந்தான். அதை நான் பார்ப்பதேயில்லை. சந்தி மேடையில் முதற் பதிகத்தைத் தொடங்கினால் மூன்றாவது செங்கல் பாலத்தில் இறுதிப் பாட்டு வரும். இரண்டாவது பதிகம் குதிரைப் பண்ணை வேலியோடு நடக்கும். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, முதல் தடவை முறைத்தவர், மூன்றாம் தடவை என்னை நிறுத்தி, நான் பாடினால் தம் கிழட்டுக் குதிரை காதை முன்னால் நீட்டிக் கேட்பதாகவும், பாடாமல் போகவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சபை சிறியதானாலும் அழைப்பு முறையாக வந்ததால் அந்த இடத்தில் சற்று உரக்கவே பாடுவேன். இப்படியே போய், ஓர் ஓடையின் மேலுள்ள இரும்புப் பாலம் தாண்டி, முதற்பாதையின் நுனியில் ஐந்தாம் பதிகம் தொடங்கும். அதன் எட்டாம் பாட்டு சரியாக மேட்டு ஒழுங்கையில் விழும்.

எட்டாம் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மனனம் செய்த பதிகங்களிற் பெரும்பாலானவற்றில் எட்டாவதாக ஒரு மன்னன் வருவான். இலங்கையை ஆண்டவன். இறைவன் வீற்றிருக்கும் மலையைப் பெயர்த்தெடுக்கத் தோள் கொடுப்பான். இறைவன் கால்விரலின் நுனியை மெல்ல ஊன்ற, மலையின் அடியில் நசுங்கி அலறுவான். பிறகு அங்கே கிடந்தபடியே பாடிப் பாடி அருளும் பெறுவான். மேடு ஏறும்போது அவன் பாட்டு அமைந்தது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றியது. சென்ற இலையுதிர் காலத்தில் அந்தப் பொருத்தம் அளவுக்கு மீறிப் போய்விட்டது.

அன்று எட்டாம் பாட்டின் நடுவில் மூச்சு முட்டியது. இறங்கியிருக்கலாம். ஆனால் பாட்டு நடுவில் நிற்கிறதே! குரல் வராவிட்டால் மனத்துக்குள் பாடி முடிப்போம், முடித்தபின் இறங்குவோம் என்று மிதித்தேன். பாட்டு முடிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது முட்பழப் புதருக்குள் கிடந்தேன். ஒரு நாய் என் நெற்றியில் இருந்த திருநீற்றை அக்கறையோடு நக்கிக்கொண்டிருந்தது. நாயின் சொந்தக்காரர்தான் ஆம்புலன்ஸை அழைத்தவர். இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, இருதயம் பழுதில்லை, ஆனால் அவசரப்படுத்தக் கூடாது என்று மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள்.

மனைவி சைக்கிளைக் கொட்டிலில் பூட்டி, அந்தப் பூட்டின் திறப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். குளிர்காலம் முழுவதும் அந்தத் திறப்பு சுவாமி அறையில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நாள்தோறும் காலையில் நான் இறைவனையும் திறப்பையும் சேர்த்தே தரிசித்தேன்.

பங்குனி பிறந்ததும் நான் வாய் திறந்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருக்கும் தஞ்சாவூர்க்கார மருத்துவர் அன்று தேநீருக்கு வந்திருந்தார். அவரும் சைக்கிள் ஓட்டுபவர். அவர் முன்னிலையில் கேட்டால் சாதகமாக முடியும் என்று கணக்குப் போட்டேன்.

"ஓட்டலாம், அங்கிள்," என்றார் அவர். "ஒரே ஒரு ரூல். பாட்டுப் பாட முடியுற வரைக்கும் மிதிங்க. பாட்டு நின்னா நீங்களும் நிக்கணும். மனசுக்குள்ள பாடுறது கணக்குல வராது."

"அது என்ன, மருந்துச் சீட்டிலை எழுதிற விஷயமே?" என்றேன்.

"ஆமா, எழுதித் தரட்டுமா? மூச்சு எவ்வளவு மிச்சமிருக்குன்னு அளக்க அதைவிட நல்ல கருவி உங்க வீட்ல இல்ல."

மனைவி தேநீர்க் கோப்பையை வைத்தாள். "இஞ்சாருங்கோ, நான் ஒரு முடிவு சொல்லுறன். தம்பியும் டொக்டரும் கூட வரட்டும். நீங்கள் விழுந்த மேட்டிலை, உச்சியிலை, நான் கதிரை போட்டு இருப்பன். பாட்டு நிக்காமல் ஏறி வந்தால் திறப்பு உங்கட. நிண்டுதெண்டால், சைக்கிளைத் தம்பி வானிலை ஏத்திக்கொண்டு போவான். பிறகு அந்தக் கதையே கதைக்கப்படாது."

"சரி," என்றேன். வேறு என்ன சொல்ல?

மைத்துனன், அவளுடைய தம்பி, பத்தொன்பது ஆண்டு டென்மார்க்கில் இருந்துவிட்டு வால்தம்ஸ்டோவுக்கு வந்து ஓடு பதிக்கும் தொழில் செய்பவன். டென்மார்க்கில் குழந்தை பிறந்ததும் சைக்கிளைத்தான் கையில் கொடுப்பார்கள் என்பது அவன் பேச்சு. குறித்த சனிக்கிழமை விடியற்காலை வானோடு வந்து மூன்று சைக்கிள்களையும் ஏற்றினான். அன்று கோயிற் பதிகத்துக்கு வேறொருவரை ஒழுங்கு செய்திருந்தேன். முதலில் மேட்டின் உச்சிக்குப் போய் மனைவியை இறக்கினோம். மடக்குக் கதிரை, போர்வை, சாப்பாட்டுக் கூடை, தடித்த கம்பளிச் சட்டை. அங்கே ஒரு வாங்கும் இருந்தது. ஆனால் அவள் கதிரையையே வைத்துக்கொண்டாள். நீதிபதிக்குத் தனி ஆசனம் வேண்டும் என்று மைத்துனன் சொன்னான்.

சந்தி மேடையில் சைக்கிள்களை இறக்கியதும் முதற் சிக்கல் வந்தது. மைத்துனன் விரலை நனைத்துக் காற்றில் நீட்டினான்.

"தென்மேற்குக் காத்து, அத்தான். நல்லாய் இரையுது. இடப்பக்கத்தாலை போவம். இஞ்சையிருந்து போனால் அந்த மேடு மெல்லிசாய் ஏறும், காத்தும் முதுகிலை தள்ளும். மற்றப் பக்கத்தாலை போனால் செங்குத்து, காத்தும் முகத்திலை."

"இடமாய்ச் சுத்துறதே?" என்றேன்.

"ஓம், அதுக்கென்ன?"

"நான் இந்த வட்டத்தை ஒருநாளும் இடமாய்ச் சுத்தினதில்லை. சுத்தெண்டால் வலம்."

மருத்துவர் தலைக்கவசத்தைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "அங்கிள், வலம் வர்றதுன்னா நடுவுல சாமி இருக்கணும். இங்க நடுவுல உருளைக்கிழங்குத் தோட்டம்தானே இருக்கு?"

"எல்லா இடத்திலையும் இருக்கிறவர் உருளைக்கிழங்குத் தோட்டத்திலை மட்டும் இல்லாமல் போவாரே, பிள்ளை?"

"அத்தான்," என்றான் மைத்துனன், "உங்கட பதிகம் காத்துக்கு விளங்காது. சைக்கிள் வேணுமோ, வலம் வேணுமோ?"

இரண்டும் வேண்டும் என்றேன். இன்னொன்றும் இருந்தது, அதை அவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. என் பாட்டுகள் எல்லாம் அந்தப் பாதையில் ஒரு வரிசையில் பதிந்துவிட்டன. இடமாகப் போனால் இறுதிப் பாட்டிலிருந்து முதற் பாட்டுக்கு வரவேண்டும். பாடும் முன்பே பாடிய பயனைக் கேட்டுப் பெறுவதுபோல ஆகிவிடும். மைத்துனன் கையை விரித்தான். மருத்துவர் மணியை அடித்தார். வலமாகவே புறப்பட்டோம்.

அந்தக் காலைப்பொழுது அத்தனை நன்றாயிருந்தது. வெயில் மெலிந்து பரவியிருந்தது. கரையெல்லாம் மஞ்சட் பூக்கள். காற்று மரங்களின் மேலே போக, வெட்டிய பள்ளத்துக்குள் நாங்கள் அமைதியாகப் போனோம். நான் முன்னே, என் குரலைக் காதில் வாங்கியபடி மைத்துனன் நடுவே, மருத்துவர் பின்னே. குதிரைப் பண்ணையில் அந்தக் கிழட்டுக் குதிரை வேலிக்கு ஓடி வந்தது. ஆறு மாதமாக எங்கே போனாய் என்று கேட்பதுபோலக் காதை நீட்டியது. மருத்துவர் அசந்துபோனார். "அங்கிள், என் கிளினிக்ல நான் சொல்றத யாரும் இவ்வளவு கவனமா கேட்டதில்ல."

மைத்துனனும் ஓயவில்லை. "அத்தான், இந்தப் பாட்டிலை எத்தினை மைல் போகும்?"

"பண்ணுக்குப் பண் மாறும்."

"அப்ப உங்கட பெற்றோல் என்ன விலை எண்டு ஆருக்கும் தெரியாது."

ஓடையின் இரும்புப் பாலத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். கீழே ஓடை சலசலத்து வயலுக்குள் ஒதுங்கியது. அதற்கப்பால் மரங்கள் இல்லை. பாலம் தாண்டியதுமே காற்று நேரே முகத்தில் அறைந்தது. மைத்துனன் மறுபடியும் விரலை நனைத்து, நான் பார்க்கும்படி காற்றில் நீட்டினான். 

ஒழுங்கையின் அடியில் ஆறாம் பாட்டை முடித்தேன். ஏழாம் பாட்டில் ஏறத் தொடங்கினேன். குரல் நின்றது, அதாவது நிலைத்து நின்றது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு, அளவாக. ஏழு முடிந்தபோது அந்த முட்பழப் புதர் இடக்கைப் பக்கம் வந்தது. பழமில்லாமல், புதுத் தளிரோடு, என்னை அறியாதது போல் நின்றது.

எட்டாம் பாட்டு.

முதலடி வந்தது. இரண்டாம் அடியில் ஒரு மூச்சு போதவில்லை. சொல்லைப் பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்தேன். மன்னன் மலைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் மலை கனத்தது. மூன்றாம் அடியின் நடுவில் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. காற்று இரைந்தது.

பின்னாலிருந்து மைத்துனன் உரக்கக் கூப்பிட்டான். "அத்தான், இந்தக் காத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை! பாடிக்கொண்டுதானே வாறியள்?"

அவன் கேட்டது கேள்வியல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கதவைத் திறந்துவைத்துவிட்டு அவன் அப்பால் திரும்பி நிற்கிறான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். உச்சி இன்னும் நூறு மீட்டர் தூரம்கூட இல்லை. வளைவுக்கு அப்பால் அவளுடைய கதிரை. ஒரு சொல்லுக்கு என்னிடம் மூச்சு இருந்தது. ஆனால் பாடாத பாட்டைப் பாடினேன் என்று சொல்வதற்கு, அதுவும் அந்தப் பாட்டை, எனக்கு வாய் வரவில்லை. பாட்டை நடுவில் விடுவதும் எனக்குப் பழக்கமில்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று சைக்கிளின் மேல் ஆடியபடி யோசிப்பது கடினம். கண்ணோரம் மெல்ல இருளத் தொடங்கியது. சென்ற தடவையும் அது அப்படித்தான் தொடங்கியது.

இரு கையாலும் பிரேக்கைப் பிடித்தேன். காலை ஊன்றினேன்.

"நிண்டிட்டுது, தம்பி."

மருத்துவர் மிதித்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சிறிது நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரத்துல இறங்கினீங்க," என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "மலையடியில மாட்டிக்கிட்டவர் உங்க ஊர் ராஜாதானே? அதான் உங்கள விடமாட்டேங்கிறார்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சும் வந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். நடக்கும்போது அதைத் தடவிப் பார்த்தேன் என்று மைத்துனன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறான். நான் தடவவில்லை, சங்கிலியில் ஏதோ ஒட்டியிருந்தது.

உச்சியில் மனைவி கதிரையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். போர்வை நிலத்தில் விழுந்திருந்தது. மைத்துனன் முந்திக்கொண்டான்.

"அக்கா, அத்தான் பாடிக்கொண்டுதான் வந்தவர். கடைசியிலை, கால் வழுக்கினபடியாலை இறங்கினவர். என்ன டொக்டர்?"

"நான் கொஞ்சம் பின்னால வந்தேன், ஆன்ட்டி," என்றார் மருத்துவர், வயலைப் பார்த்தபடி.

"விசர்க் கதை கதையாதை," என்றேன் மைத்துனனிடம். பிறகு அவளிடம் சொன்னேன்: "எட்டாம் பாட்டு, மூண்டாம் அடி. அதிலை நிண்டிட்டுது. அதாலை இறங்கினனான். சைக்கிளை வானிலை ஏத்தட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். தீயணைப்பு வீரருக்குப் பின்னால் நின்று பார்த்த பார்வையல்ல இது.

"பாட்டை இடையிலை விட்டனீங்களோ?"

"ஓம்."

"நீங்களோ?"

"ஓமப்பா."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "நான் இதிலை ஒன்றரை மணித்தியாலமாய் இருக்கிறன். கீழை ஏழாம் பாட்டுக் காத்தையும் மீறிக் கேட்டது. பிறகு எட்டுத் தொடங்கிச்சுது. பிறகு ஒண்டும் கேக்கேல்லை. போர்வையை எறிஞ்சுபோட்டு எழும்பினனான். போன முறையும் இப்பிடித்தானே, மனசுக்குள்ளை பாடுறனெண்டு... பிறகு பாத்தால், நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வாறியள்." கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் பாடிக்கொண்டே ஏறி வந்திருந்தால் திறப்பைத் தந்திருப்பன். ஆனால் பயம் போயிராது. அடுத்த கிழமையும் கதவடியிலைதான் நிண்டிருப்பன். இப்ப போயிட்டுது. இறங்கத் தெரியிற மனிசனெண்டு கண்டிட்டன்."

கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்தாள். சிறிய திறப்பு, அதில் சுவாமி அறையின் குங்குமம் ஒட்டியிருந்தது.

"ஆனால் தம்பி சொன்னான், காலமை நீங்கள் வலமாய்த்தான் போவனெண்டு நிண்டனீங்களாம்," என்றாள், திறப்பைத் தராமலே. மைத்துனன் எப்போது, எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் கைப்பேசிச் செய்திகள் ஓயாது பறக்கும். "இந்த மேட்டை இந்தப் பக்கத்தாலை இனி ஏறப்படாது."

"அதெப்பிடி? இடமாய்ச் சுத்த ஏலாது."

"ஏன் ஏலாது? பிரதோஷத்திலை என்ன செய்யிறனாங்கள்?"

 கோயிலில் பதிகம் பாடும் நான், அந்த வழக்கத்தை ஆயிரம் தடவை கண்ட நான், மறந்தேபோனேன். பிரதோஷ நாளில் சிவன் சந்நிதியை முழு வட்டமாகச் சுற்றுவதில்லை. நந்தியடியில் புறப்பட்டு முதலில் இடமாகப் போவோம். பாதியிலிருந்து வந்த வழியே நந்திக்குத் திரும்புவோம். பிறகு வலமாகப் போய், அபிடேகத் தண்ணீர் வெளியே வரும் கோமுகியைக் கண்டதும், அதைத் தாண்டாமல் மறுபடியும் திரும்புவோம். மைத்துனனுக்கு இது தெரியும். மருத்துவருக்கும் தெரியும், அவர் கைகொட்டினார்.

"ஆன்ட்டி, சூப்பர்! சந்தி மேடைதான் நந்தி. ஓடைதான் கோமுகி. ஓடையத் தாண்டவே கூடாது. தாண்டலைன்னா மேடே கிடையாது!"

"இடப்பக்கத்தாலையும் மேட்டடி வரைக்கும்தான்," என்றாள் மனைவி. "பிறகு திரும்பி வரவேணும். சாஸ்திரம்."

"சாஸ்திரத்திலை சைக்கிள் இருக்குதே?" என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"உருளைக்கிழங்குத் தோட்டத்திலை சாமி இருக்கலாமெண்டால் இதுவும் இருக்கலாம்."

அதையும் யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கூடை திறந்தது. மரக்கறி ரோல்ஸ், பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன் ரீ. மைத்துனன் நான்கை எடுத்துவிட்டு, மேட்டில் ஏறியது தானும்தான் என்றான். நான் ஒன்றைக் கையில் எடுத்து, வைத்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாட்டு முடியேல்லை," என்றேன்.

மனைவி கதிரையை எனக்கு நகர்த்தினாள். உட்கார்ந்து, மூன்றாம் அடியின் நடுவிலிருந்து அல்ல, எட்டாம் பாட்டை முதலடியிலிருந்தே பாடினேன். காற்று அதே காற்றுத்தான். ஆனால் உட்கார்ந்திருப்பவனை அது ஒன்றும் செய்வதில்லை. மலையின் கீழ்க் கிடந்த மன்னன் பாடி, அருள் பெற்று, நாலாம் அடியில் எழுந்துபோனான். மற்ற மூன்று பாட்டுகளையும் பாடி முடித்தபோது மைத்துனன் ஆறாவது ரோல்ஸில் இருந்தான்.

பிறகு, சந்தியில் நிற்கும் வானோடு மைத்துனன் வந்து கூட்டிப்போவான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுபக்கத்தால் சைக்கிளில் இறங்கினோம். மெல்லிய இறக்கம், மிதிக்கவே தேவையில்லை. மைத்துனன் காலையில் சொன்னது முழு உண்மை. அதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த பிரதோஷம் புதன்கிழமை வந்தது. மைத்துனனுக்குக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு குளியலறை ஓடு வேலை, மருத்துவருக்குக் கிளினிக். தனியே போவதற்கு அனுமதி கிடைக்குமா என்று தயங்கியபடி பின்னேரம் மூன்று மணிக்குக் கொட்டிலடிக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. சைக்கிளின் கூடையில் தண்ணீர்ப் போத்தலும், ஒரு சிறிய பெட்டியில் குதிரைக்கென்று நறுக்கிய கரட்டும் இருந்தன. திறப்பு பூட்டிலேயே தொங்கியது.

"ஓடையைத் தாண்டப்படாது!" என்று சமையலறை யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தாண்டவில்லை. இரும்புப் பாலத்தின் இப்புறத்தில் சைக்கிளை நிறுத்தி, கீழே நீர் ஓடுவதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எட்டாம் பாட்டைச் சமதரையில் பாடியபடி திரும்பினேன்.